ஆயுசு வாரண்டி

ஏரல்
18.5.2024

அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் போனை அப்பா தினமும் எடுத்துப் பார்க்கிறார். யார் கூப்பிட்டார்கள், யாருக்கு என்ன அனுப்பினேன், ஒன்று விடாமல் பார்ப்பார். ஆனால் பள்ளிக்கூட ஆபீசுக்கு வருகிற தபாலைப் பிரிப்பது நான்தான், பதிவேட்டில் ஏற்றுவதும் நான்தான். கிளார்க் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் இது. பதிலை ஆபீஸ் முகவரிக்கே போடுங்கள்.

உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை மூன்றாம் வரிசையில் போட்ட விவகாரம் ஆறு வருஷமாகியும் இங்கே அடங்கவில்லை. "கூடப் பொறந்தவா எனக்குக் குடுத்த மரியாதை அவ்வளவுதாம்" என்று வாழைத்தார் வாங்க வருகிற வியாபாரிகளிடம் கூட அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை பெயரை யாராவது எடுத்தால் சாப்பாட்டில் இருந்து எழுந்துவிடுவார். அதனால் நான் உங்களுக்கு எழுதுவது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் லேப்டாப். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, துபாயில் இருக்கிற நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு நெட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இதுவரை போனை வைத்துத்தான். அந்தச் சின்னத் திரையில் நான் ழ எழுதிக் காட்டினால் "மிஸ், இது பாம்பா?" என்று கேட்கிறார்கள். இன்னும் பத்துப் பிள்ளைகள் சேர ஆசைப்படுகிறார்கள். லேப்டாப் இருந்தால் சேர்க்கலாம்.

எங்கே வாங்குவது என்பதில்தான் குழப்பம். "ஆன்லைன்ல வாங்கு. வாசலுக்கு வந்துரும். எவன் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்" என்கிறார் அப்பா. எவன் மூஞ்சி என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பிரேமலதா டீச்சரோ, வண்ணார்பேட்டைப் பெரிய ஷோரூமில் வாங்கு, வாரண்டியை மூன்று வருஷத்துக்கு நீட்டித் தருவார்கள் என்கிறார். அதே வண்ணார்பேட்டையில் என் அத்தை மகன் கடை வைத்திருக்கும்போது நான் வேறொரு கடைப் படி ஏறினால் நன்றாகவா இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

சுடலைவடிவு


வண்ணார்பேட்டை
23.5.2024

வடிவுக்கு,

உன் கடிதத்தைக் கடைக்குள் நின்றுகொண்டு படித்தேன். கவுண்டரில் இருக்கிற சாலோமி, "என்ன அண்ணாச்சி, இன்கம்டாக்ஸ் நோட்டீசா?" என்று கேட்டாள். கையால் எழுதிய கடிதத்தை அவள் பார்த்ததே இல்லையாம்.

நேரடியாகச் சொல்கிறேன். ஆன்லைனில் கொஞ்சம் மலிவாகத்தான் கிடைக்கும், அதை நான் மறுக்கமாட்டேன். கெட்டுப்போனால் யாரைப் பிடிப்பாய்? ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும், நீயும் அமுக்கிக்கொண்டே இருப்பாய். ஷோரூமில் ஏசி போட்டு உட்காரவைத்து விற்பார்கள். விற்ற ஆள் அடுத்த மாசம் அங்கே இருக்கமாட்டான். என் கடை சின்னக் கடைதான். ஆனால் நான் எங்கேயும் ஓடிவிடமாட்டேன்.

பூதத்தான் என்று போர்டு வைத்தால் மிஷினுக்குள் பூதம் இருக்கிறதென்று சனங்கள் ஓடிவிடும் என்று நீ அன்றைக்குக் கேலி பண்ணினாயே, அதனால்தான் பி.டி. சிஸ்டம்ஸ் என்று வைத்தேன். ஆக, கடைக்குப் பேர் வைத்தவளே நீதான். நீ வேறு இடத்தில் வாங்கினால் நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவேன்.

மாமாவுக்கு ஆன்லைன் பார்சல் வேண்டும், அவ்வளவுதானே. ஆன்லைன் கம்பெனி அட்டைப்பெட்டிகள் இங்கே குவிந்து கிடக்கின்றன. ஒன்றில் வைத்து டேப் சுற்றிக் கூரியரில் வீட்டுக்கே அனுப்புகிறேன். பில்லை ஆபீஸ் முகவரிக்குத் தனியாக அனுப்புகிறேன். உன் வேலைக்கு எது சரியாக வருமோ அதை நானே தேர்ந்தெடுக்கிறேன். கலர் மட்டும் சொல்லு.

பூதத்தான்


ஏரல்
8.6.2024

அத்தானுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. கூரியர்க்காரர் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாத்தியாட்டி, எவ்வளவு பாந்தமாக் கெட்டி அனுப்பியிருக்கான். இங்கன கடையில வாங்கியிருந்தா ஒரு பையில போட்டுத் தள்ளிவிட்டிருப்பான்" என்றார். அம்மா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மிஷின் அருமையாக இருக்கிறது. ழ இப்போது ழ மாதிரியே தெரிகிறது.

ஒன்று கேட்கவேண்டும். கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தானாம். வாங்கிய முப்பது நாளுக்குள் சொன்னால் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கொள்ளலாமாம். பிரேமலதா டீச்சர் தினமும் நச்சரிக்கிறார். "பேப்பர் கைல இருந்தாத்தான் பேச முடியும்" என்கிறார். அம்மாவிடம் கேட்டால், "சொந்தத்துக்குள்ள எதுக்குட்டி எழுத்தும் சீட்டும்? கேட்டா அவன் என்ன நெனைப்பான்" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உங்கள் சரக்கையே நம்பாமல் உங்களிடமே சீட்டுக் கேட்கிற மாதிரி இருக்கிறது. நீட்டவா, வேண்டாமா?

வடிவு


வண்ணார்பேட்டை
16.6.2024

வடிவுக்கு,

நீ கேட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த டீச்சரிடம் சொல்லு, பேப்பரெல்லாம் அந்நியனுக்குத்தான் என்று. நீட்டாதே. வீண். கடைக்கு வருகிறவர்கள் தலையில் அதை நானே கட்டுவேன், அது யாவாரம். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எழுத்துத் தமிழில் சொன்னால் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். ஏட்டி, உனக்கு எதுக்கு வாரண்டி? நான் இருக்கேம்லா. ஆயுசுக்கும் நான் பாத்துக்கிடுதேன்.

பூதத்தான்


ஏரல்
2.7.2024

அத்தானுக்கு,

கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு வரன் வந்திருந்தது. பாங்க் வேலை. தங்கமான குணம் என்று எல்லாரும் சொன்னார்கள். இந்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டு அப்பா இரண்டு நாள் சத்தம் போட்டார். நேரம் வரும்போது சொல்கிறேன் என்றேன்.

லேப்டாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குப் புரியும். நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்றால் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள், அத்தான். இப்போது என்றால் வெட்கத்தோடு போய்விடும். பிறகு என்றால் தாங்கமாட்டேன்.

உங்கள் வடிவு


வண்ணார்பேட்டை
20.7.2024

வடிவுக்கு,

கடிதம் கிடைத்தது. காலேஜ் திறந்த நேரம், கடையில் நிற்க இடமில்லை. மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதே, சூடாகும். சார்ஜ் ஏறியதும் வயரை எடுத்துவிடு. மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

நீ நல்லா இருக்கணும்.

பூதத்தான்


ஏரல்
24.8.2025

அத்தானுக்கு,

இது நான்காவது கடிதம். பொங்கலுக்கு எழுதினேன், பங்குனியில் எழுதினேன், ஆடியில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடையில் வேலை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

லேப்டாப் பாதிப் பாடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் வர அரை மணி ஆகிறது. "மிஸ் எங்கே போயிட்டீங்க" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதினைந்து பேரில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். ஒரு வருஷம் முடிந்துவிட்டதால் கம்பெனியில் பார்க்கமாட்டார்கள் என்று டீச்சர் சொல்கிறார். "நான் அப்பவே சொன்னேன்" என்பதைத் தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார்.

இப்போது கோவில்பட்டியில் இருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. இனி மறைக்க முடியாது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். வேண்டாம் என்றால் உடனே தடுத்து எழுதுங்கள்.

வடிவு


ஏரல்
8.9.2025

பூதத்தான்,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை.

நீ தடுத்து எழுதவில்லை. அதனால் அப்பாவிடம் சொன்னேன். பெட்டியை நீதான் அனுப்பினாய் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ ஆயுசுக்கும் என்று எழுதிய கடிதத்தை மூன்று தடவை படித்தார். "அவன் கைப்பட எழுதுனதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போன்ல சொன்னாக் காத்தோட போயிரும். எழுத்துல குடுத்திருக்காம்லா. எழுதிக் குடுத்தவன் மாறமாட்டான்" என்றார். பிறகு, "மாப்பிள்ளை வீட்டுக்காரந்தான் பொண்ணு கேட்டு வரணும். இருந்தாலும் தங்கச்சி வீடுதான, நான் போனா என்ன கொறஞ்சா போவேன்" என்றார். ஏழு வருஷ ரோஷத்தை அந்த ஒரு வரிக்காக இறக்கிவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வளர்பிறை வெள்ளிக்கிழமை. ஒரு தார் செவ்வாழை, அத்தைக்குப் பிடிக்குமென்று உடன்குடிக் கருப்பட்டி, வெற்றிலை பாக்கு. சட்டைப் பையில் உன் கடிதம். தேய்த்த வேட்டி கட்டிக்கொண்டு பெருமாள்புரத்தில் உங்கள் வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததை நீ உன் அம்மாவிடம் வேறு மாதிரிக் கேட்டிருப்பாய். என் அப்பா என் அம்மாவிடம் சொன்னதைக் கேள். கூடத்தில் யாரோ நான்கு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். உனக்குத் திசையன்விளையில் பெண் முடிவாகி, நிச்சயத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் அவர்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. தார், கருப்பட்டி எல்லாவற்றையும் நடுக் கூடத்தில் வைத்துவிட்டு, தங்கச்சியிடம் கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். அத்தை படித்தாள். சிரித்தாள். "அண்ணே, இது கம்ப்யூட்டருக்குச் சொன்னதுல்லா. கடைக்கு வாற எல்லார்ட்டயும் அவன் இப்படித்தாம் சொல்லுவான்" என்றாள். யார் இவர் என்று அந்த நான்கு பேரில் ஒருவர் கேட்டிருக்கிறார். "எங்க அண்ணாச்சி. கம்ப்யூட்டர் ரிப்பேர் விஷயமா வந்திருக்காவ" என்றாளாம்.

அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக.

வந்ததும் என்னைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டினார். "லேப்டாப்பை வேற எங்கயாது குடுத்துப் பாரும்மா" என்று மட்டும் சொன்னார். என்னை அவர் ம்மா போட்டுக் கூப்பிட்டதே கிடையாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்னை ஏமாற்றிவிட்டாய். தப்பென்றால் ஒரு வரி எழுது என்று போன வருஷமே கேட்டேன். மெத்தை மேல் வைக்காதே என்று எழுதினாய். இப்போதாவது சொல்லு. அந்த வரியை யாருக்கு எழுதினாய், எனக்கா, லேப்டாப்புக்கா?

சுடலைவடிவு


வண்ணார்பேட்டை
15.9.2025

வடிவுக்கு,

மாமா வந்துபோனதை அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் அப்படி நடக்க விட்டிருக்கமாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் மிஷினைத்தான் சொன்னேன். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. உன் அடுத்த கடிதத்தைப் பார்த்ததும் பக்கென்றது. மறுத்து எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். உன் முகம் வாடுமே என்று எழுத மனசு வரவில்லை. பைய ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். அது தப்புதான்.

திசையன்விளைப் பேச்சை அம்மா ஆரம்பித்தது போன வருஷம் வைகாசியில். பெண் ராஜராஜேஸ்வரி எம்.எட். முடிக்கட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். ஜங்ஷன் பக்கம் அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தை எனக்குக் கடைக்குத் தருகிறார்கள். அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. நான் எப்போதுமே அப்படித்தான் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் ஏமாற்றுக்காரன் என்று மட்டும் சொல்லாதே. உனக்கே தெரியாமல் உனக்கு ஒரு நன்மை செய்திருக்கிறேன். உன் லேப்டாப்புக்கு மூன்று வருஷ வாரண்டியை நான் அப்போதே நீட்டிவிட்டேன். செலவு என்னுடையது. பாளையங்கோட்டையில் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கிறது. சீரியல் நம்பரைச் சொன்னால் போதும், இலவசமாக மாற்றித் தருவார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன் பார்.

ஒரே ஒரு உதவி. அந்தக் கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. ராஜராஜேஸ்வரி வீட்டில் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களும் உன்னை மாதிரியே புரிந்துகொள்வார்கள்.

பூதத்தான்


ஏரல்
23.9.2025

பி.டி. சிஸ்டம்ஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். நீங்கள் சொன்னது உண்மை. மதர்போர்டு போய்விட்டதாம். வாரண்டி இருக்கிறது, பைசா வேண்டாம் என்றார்கள். ஒரு நிமிஷம் எனக்கே உங்கள் மேல் இரக்கம் வந்தது. பாவம், நமக்காகச் செய்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். வாரண்டி நீட்டிய தேதி 13.6.2024. உங்கள் கடிதத்தின் தேதி 16.6.2024.

நான் வண்ணார்பேட்டைப் பக்கம் வராமல் நேராக ஏரல் பஸ் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் இந்த இரண்டு தேதியையும் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீட்டாதே, வீண் என்று எனக்கு எழுதுவதற்கு மூன்று நாள் முன்பே நீங்கள் நீட்டிவிட்டீர்கள். ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ளப் போகிறவர் எதற்காக மூன்று வருஷத்துக்குக் கம்பெனிக்காரனை ஏற்பாடு செய்யவேண்டும்? நீங்கள் இருக்கப்போவதில்லை என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியும். வைகாசியிலேயே தெரியும். தெரிந்துகொண்டே, இருக்கேம்லா என்று எழுதினீர்கள். அந்த வரியை லேப்டாப்புக்கு எழுதியிருந்தாலும் அது பொய். எனக்கு எழுதியிருந்தாலும் பொய். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு வாரமாக என்னையே நொந்துகொண்டேன். நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். எழுதினவர்தான் சரியில்லை.

பேசாமல் விட்டிருந்தால் கூட, கோழை என்று மன்னித்திருப்பேன். நன்மை என்று சொல்லிக் காட்டினீர்கள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். வாரண்டி உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் பதிந்திருக்கிறது. பில்லில் என் பெயர் இருந்தாலும் செல்லாதாம். உரிமையை என் பெயருக்கு மாற்றினால்தான் மிஷினைக் கையில் எடுப்பார்களாம். படிவம் இத்துடன் இருக்கிறது. என் பகுதியை நிரப்பிவிட்டேன். "பெறுபவருக்கும் வழங்குபவருக்கும் உள்ள உறவு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வழங்குகிறவர்தான் நிரப்பவேண்டுமாம். காலியாக விட்டிருக்கிறேன்.

வீசி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பதினொரு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். என் ரோஷத்துக்காக அவர்கள் பாடத்தை நான் ஏன் விடவேண்டும்?

நீங்கள் கேட்ட கடிதம் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ப. சுடலைவடிவு


வண்ணார்பேட்டை
29.9.2025

வடிவுக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உறவு என்ற கட்டத்தில் முதலில் மாமன் மகள் என்று எழுதிவிட்டேன். சாலோமி பார்த்துவிட்டு, "சொந்தம்னு போட்டா அதுக்கு ஆதாரம் கேப்பான் அண்ணாச்சி, இழுத்தடிப்பான். கஸ்டமர்னு போட்டுருங்க, ஒரு கேள்வியும் இருக்காது" என்றாள். அதனால் மாமன் மகள் என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கஸ்டமர் என்று எழுதியிருக்கிறேன்.

அடித்த இடத்தில் நான் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்திலேயே நீயும் ஒன்று போடவேண்டும். இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் அடித்தது செல்லுமாம். உனக்குச் சிரமம் இல்லாமல் இருக்க, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

பூதத்தான்